இரவல் போகும் கலைப்பொருள்: அரசு எங்கே கைகொடுக்கிறது?

மதுரை மதனகோபால சுவாமி கோயிலின் கருங்கல் மண்டபம் ஒன்று அமெரிக்காவில், ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்துக்குள் நிற்கிறது. 1912-இல் மதுரைக்கு வந்திருந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பெண்மணி அந்தத் தூண்களை விலைக்கு வாங்கிக் கொண்டுபோனார். 1919-இல் அவை நன்கொடையாக அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தன. அது விற்பனை. திரும்பி வர வேண்டிய தேதி என்று எதுவும் அதில் எழுதப்படவில்லை.

இரவல் என்பது இதற்கு நேர் எதிரானது. பொருள் நம்முடையதாகவே இருக்கும். இன்ன தேதிக்குப் போய் இன்ன தேதிக்குள் திரும்பும் என்று ஒப்பந்தம் சொல்லும். இடையில் ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதும் பொருள் கிளம்பும் முன்பே எழுதப்பட்டுவிடும். இதற்கு அரசு உதவி என்றதும் பலருக்கும் நிதிதான் நினைவுக்கு வருகிறது. நிதியும் உண்டு. ஆனால் ஒரு கண்காட்சி நடக்குமா, நின்றுபோகுமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு நான்கு: நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதி, சேதமானால் நான் தருகிறேன் என்ற அரசின் உறுதி, அயல்நாட்டில் யாரும் பறிமுதல் செய்ய முடியாதபடி சட்டப் பாதுகாப்பு, சுங்க வரி விலக்கு.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். கீழடி அருங்காட்சியகத்திலிருந்து, தமிழி எழுத்தில் ஆள் பெயர் கீறப்பட்ட பானை ஓடு ஒன்றை லண்டன் அருங்காட்சியகம் 3 மாதக் கண்காட்சிக்குக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காகச் சொல்லும் கற்பனைக் கோரிக்கைதான். நடைமுறைகள் உண்மையானவை.

முதல் கேள்வியே உரிமையாளர் யார் என்பது. கீழடியில் முதல் மூன்று கட்ட அகழாய்வை மத்தியத் தொல்லியல் துறை நடத்தியது. நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை நடத்திவருகிறது. எந்தக் கட்டத்தில், எந்தக் குழியில், எந்த ஆழத்தில் கிடைத்த ஓடு என்பதைப் பொறுத்து கோரிக்கைக் கடிதம் போய்ச் சேர வேண்டிய அலுவலகம் மாறும். தவறான மேசைக்குப் போன கடிதம் அங்கேயே பல வாரம் கிடக்கும்.

கடிதத்தோடு கேட்பவர்கள் தங்கள் கட்டடத்தைப் பற்றிய வசதி அறிக்கையையும் அனுப்ப வேண்டும். கூடத்தின் வெப்பம், ஈரப்பதம், தீயணைப்பு ஏற்பாடு, இரவுக் காவல், பெட்டி இறக்கும் வாசலின் அகலம், மின்தூக்கி எவ்வளவு எடை தாங்கும் என்பது வரை அதில் இருக்கும். ‘வசதி இருக்கிறது’ என்று பொதுவாக எழுதியிருந்தால் ஏற்கக் கூடாது. கடந்த 12 மாதங்களில் கூடத்தில் பதிவான வெப்ப, ஈரப்பத அளவுகளைக் கேட்டு வாங்க வேண்டும். லண்டனில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது அறைக் காற்று எவ்வளவு வறண்டுபோகிறது என்பது அந்த வரைபடத்தில்தான் தெரியும். பானை ஓட்டுக்கு அது பெரிய விஷயமில்லை. நம் ஊர்க் காற்றுக்குப் பழகிய செட்டிநாட்டு மரச் சிற்பத்துக்கு அது விரிசல்.

அடுத்தது அனுமதி. தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு, 1976 ஏப்ரல் 5-இல் நடைமுறைக்கு வந்தது. 100 ஆண்டு கடந்த சிற்பம், ஓவியம், நாணயம், கல்வெட்டு போன்றவை தொல்பொருட்கள். அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டே போதும். இவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் உரிமை மத்திய அரசுக்கும், அது அதிகாரம் அளித்த அமைப்புக்கும் மட்டுமே உண்டு. மீறினால் 6 மாதத்திலிருந்து 3 ஆண்டு வரை சிறை, அபராதமும் சேர்த்து. கண்காட்சிக்குப் போகும் பொருளுக்கு மத்தியத் தொல்லியல் துறை தற்காலிக ஏற்றுமதி அனுமதி தருகிறது. வீட்டில் பழைய ஏட்டுச் சுவடியோ தஞ்சாவூர் ஓவியமோ வைத்திருக்கும் மதுரை, காரைக்குடிக் குடும்பங்களுக்கும் இதே சட்டம்தான். உறவினருக்குப் பரிசாகக் கொடுத்தனுப்புவதும் ஏற்றுமதிதான்.

அரசுகளுக்கிடையே கலாச்சார ஒப்பந்தம் இருந்தால் இந்தப் பாதை எளிதாகிறது. இந்தியா பல நாடுகளோடு இத்தகைய ஒப்பந்தங்கள் செய்து, அவற்றின் கீழ் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிமாற்றத் திட்டம் ஒன்றில் கையெழுத்திடுகிறது. கண்காட்சி, நிபுணர் வருகை, இசை நாட்டியக் குழுக்கள் எல்லாம் அதில் இடம்பெறும். 1980-களில் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் நாடுகளில் நடந்த இந்தியத் திருவிழாக்கள் இப்படி அரசும் அரசும் பேசி முடித்தவையே. மாநிலத் துறை, மாநில அரசு, மத்தியக் கலாச்சார அமைச்சகம், தொல்லியல் துறை என்று கோப்பு நகர்வதற்கு ஓர் ஆண்டு என்று கணக்கு வைப்பது நல்லது. தாமதத்துக்குப் பெரிய காரணம் அதிகாரிகள் இல்லை, பட்டியல்தான். 40 பொருளுக்கு விண்ணப்பித்துவிட்டு ஐந்தாம் மாதத்தில் 41-ஆவதைச் சேர்த்தால், அந்த ஒன்றுக்காக முழுக் கோப்பும் மறுபடி முதல் மேசைக்குப் போகலாம். அனுமதியில் ஒட்டிய புகைப்படமும் விமான நிலையத்தில் காட்டும் பொருளும் ஒத்துப்போகாவிட்டால் பெட்டி அங்கேயே நின்றுவிடும். ஓடுகள் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் அளவுகோல் வைத்து, உள்புறம் வெளிப்புறம் இரண்டையும் படம் எடுப்பது கட்டாயம்.

இனி இழப்பீட்டு உறுதி. கலைப்பொருள் உரிமையாளரின் சுவரை விட்டு இறங்கிய நொடியிலிருந்து அதே சுவருக்குத் திரும்பும் நொடி வரை பாதுகாப்பு வேண்டும். தனியார் இன்சூரன்ஸ் என்றால் பிரீமியம் கட்ட வேண்டும். ஒரு கண்காட்சியின் மொத்த மதிப்பு 200 கோடி ரூபாய், பிரீமியம் ஆயிரத்துக்கு 1 ரூபாய் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 20 லட்சம் போய்விடும். கண்காட்சி முடிந்தால் அந்தப் பணம் போனதுதான். அதற்குப் பதில், ‘சேதமானால் அரசுக் கருவூலம் தரும்’ என்று அரசே எழுதிக்கொடுப்பதுதான் இழப்பீட்டு உறுதித் திட்டம். பிரீமியம் கிடையாது. ஒன்றும் நேராவிட்டால் அரசுக்கும் செலவு கிடையாது. அமெரிக்காவில் இதற்கு 1975-இல் சட்டம் வந்தது. பிரிட்டனில் 1980-ஆம் ஆண்டு தேசிய மரபுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. இந்த ஒரு கையெழுத்து இல்லையென்றால் பெரிய கண்காட்சிகள் பலவற்றை மூன்றாம் தர நகர அருங்காட்சியகங்கள் நினைத்தே பார்த்திருக்க முடியாது. அரசு செய்யக்கூடிய உதவிகளில் செலவுக்கும் பலனுக்கும் பொருத்தம் மிக நன்றாக அமைந்தது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

அதற்காக அரசு கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுவதில்லை. பூட்டு, அலாரம், காவலர் எண்ணிக்கை, கண்ணாடிப் பெட்டியின் தடிமன் வரை பார்ப்பார்கள். ஒரே விமானத்திலோ ஒரே லாரியிலோ இவ்வளவு மதிப்புக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வரம்பு வைப்பார்கள். அதனால்தான் ஒரே கண்காட்சிப் பொருட்கள் இரண்டு மூன்று விமானங்களில் பிரிந்து போகின்றன. எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்பதையும் இரவல் கொடுப்பவர் படித்தே ஆக வேண்டும். பிரிட்டிஷ் திட்டத்தில் போர், உரிமையாளரின் அலட்சியம், பொருளுக்கு முன்பே இருந்த பலவீனம், உரிமையாளர் சம்மதத்தோடு செய்த பழுதுபார்ப்பு ஆகியவற்றால் வரும் சேதம் விலக்கு. ‘பொருள் என்னுடையது’ என்று மூன்றாம் ஆள் ஒருவர் வந்தாலும் அதற்கு இந்த உறுதி பொறுப்பேற்காது.

‘முன்பே இருந்த பலவீனம்’ என்ற அந்தச் சொற்றொடரில்தான் சிறிய அருங்காட்சியகங்கள் மாட்டிக்கொள்கின்றன. ஓடு விரிசலோடு திரும்பி வருகிறது. புதிய விரிசல் என்று நாம் சொல்கிறோம், பழையது என்று அவர்கள் சொல்கிறார்கள். அனுப்பும்போது எழுதிய கண்டிஷன் ரிப்போர்ட்டில் ‘நல்ல நிலை, சிறு கீறல்கள்’ என்று மட்டும் இருந்தால் வழக்கு அங்கேயே தோற்றது. ‘இடது விளிம்பிலிருந்து 12 மி.மீ. தள்ளி, 4 மி.மீ. நீளத்துக்கு மேல்பூச்சு உதிர்ந்துள்ளது. இரண்டாவது எழுத்தின் கீழ்க்கோடு வரை மயிரிழை விரிசல், மறுபுறம் தெரியவில்லை’ என்று எழுத வேண்டும். நேர் வெளிச்சத்தில் ஒரு படம், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து ஒரு படம். சாய்ந்த வெளிச்சத்தில்தான் கீறலின் ஆழமும் உதிரத் தொடங்கிய விளிம்பும் நிழலாகத் தெரியும். இந்த அறிக்கை நான்கு முறை சரிபார்க்கப்படும்: கிளம்பும்போது, அங்கே பெட்டி திறக்கும்போது, அங்கிருந்து கிளம்பும்போது, இங்கே திரும்பித் திறக்கும்போது. ஒவ்வொரு முறையும் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.

மதிப்பு நிர்ணயமும் சிக்கலானது. பானை ஓட்டுக்குச் சந்தை விலை இல்லை, இருக்கவும் கூடாது. இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்ட தொகையை ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். குறைத்து எழுதினால் பொருளுக்கு மரியாதை குறையும், பாதுகாப்பும் குறையும். தாறுமாறாக ஏற்றி எழுதினால் உறுதி கொடுக்கும் அரசு ஏற்காது. மதிப்புக் குறைவு என்ற நிபந்தனையையும் விட்டுவிடக் கூடாது. எழுத்தின் குறுக்கே ஓடு இரண்டாக உடைந்தால் ஒட்டுவதற்குச் சில ஆயிரம் ரூபாய் போதும். ஆனால் ஒட்டிய ஓடு பழைய ஓடு ஆகாது. பழுதுபார்க்கும் செலவோடு அந்தக் குறைவுக்கும் ஈடு உண்டு என்று ஒப்பந்தம் சொன்னால்தான் கிடைக்கும்.

மூன்றாவது உதவி பறிமுதலிலிருந்து பாதுகாப்பு. இது ஏன் வேண்டும் என்பதற்கு ஆஸ்திரிய ஓவியர் எகோன் ஷீலே, வாலி என்ற பெண்ணை வரைந்த ‘வாலியின் உருவப்படம்’ தெளிவான சாட்சி. வியன்னாவின் லியோபோல்ட் அருங்காட்சியகம் அதை நியூயார்க்குக்கு இரவல் கொடுத்திருந்தது. நாஜிகள் காலத்தில் பறிக்கப்பட்டது என்று முன்னாள் உரிமையாளரின் வாரிசுகள் முறையிட, 1998-இல் அமெரிக்காவிலேயே அது முடக்கப்பட்டது. அமெரிக்க மத்திய அரசின் பாதுகாப்பு அந்தப் படத்துக்குப் பெறப்படவில்லை. வாரிசுகளுக்கு 1.9 கோடி டாலர் கொடுத்து வழக்கு சமரசமானது 2010-இல். மூன்று மாதத்துக்குப் போன படம் 12 ஆண்டு கழித்துத்தான் விடுபட்டது.

அமெரிக்காவில் இந்தப் பாதுகாப்புக்கு 1965-லேயே சட்டம் உண்டு. பொருளுக்குக் கலாச்சார முக்கியத்துவம் இருக்கிறது, கண்காட்சி நாட்டு நலனுக்கு உகந்தது என்று வெளியுறவுத் துறை முடிவு செய்து, பொருள் நாட்டுக்குள் வருமுன் அரசிதழில் வெளியிட வேண்டும். வந்த பிறகு விண்ணப்பித்துப் பயனில்லை. பறிமுதல் செய்ய முடியாது என்பதற்காக வழக்கே போட முடியாது என்று ஆகிவிடவில்லை. ஓவியர் மாலெவிச் வரைந்த படங்களை அமெரிக்காவுக்கு இரவல் அனுப்பிய ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் மீது வாரிசுகள் தொடுத்த வழக்கை அமெரிக்க நீதிமன்றம் ஏற்றது. அந்த இடைவெளியைச் சுருக்க 2016-இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற அருங்காட்சியகம் பொருளின் படத்தையும் அதன் உடைமை வரலாற்றையும் முன்கூட்டியே வெளியிட வேண்டும். அப்படிச் செய்தால், பொருள் நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து 12 மாதம் பாதுகாப்பு.

முன்கூட்டியே வெளியிடுவது வெறும் சடங்கு இல்லை. திருட்டுச் சிலைகள் இந்தக் கவசத்துக்குள் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜர், 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தால் விலைக்கு வாங்கப்பட்டு, 2014-இல் இந்தியாவுக்குத் திரும்பினார். இப்படிப்பட்ட அடையாளம் காணல்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில்களில் எடுத்து வைத்த பழைய புகைப்படங்கள் பேருதவி செய்திருக்கின்றன. ஒரு பொருள் எங்கிருந்து எங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்ல முடியாத இரவலை, கேட்பவர் எவ்வளவு பெரிய அருங்காட்சியகமானாலும், மறுக்க வேண்டும்.

வழிபாட்டில் உள்ள திருமேனிகள் தனி. சட்டத்தின் கண்ணில் தெய்வமே உரிமையாளர். பத்தூர் நடராஜர் வழக்கில் லண்டன் நீதிமன்றமே கோயிலை ஒரு தரப்பாக ஏற்று, 1991-இல் சிலை திரும்பியது. புதையலாகக் கிடைத்து அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்த செப்புத் திருமேனிகளே ஏராளம் இருக்கும்போது, பூசை நடக்கும் உற்சவரைக் கண்காட்சிக்குக் கேட்பதில் நியாயம் இல்லை.

சுங்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தற்காலிகமாக உள்ளே வந்து திரும்பும் பொருளுக்கு வரி கட்டாமல் இருக்க ஏ.டி.ஏ. கார்னெட் என்ற ஆவணம் உதவுகிறது. இந்தியாவில் இதை வழங்குவது வர்த்தக, தொழில் சபைகளின் கூட்டமைப்பான ஃபிக்கி. ஓராண்டு செல்லும். வெளியேறும்போதும் நுழையும்போதும் ஒவ்வொரு தாளிலும் முத்திரை விழ வேண்டும். ஒரு முத்திரை விட்டுப்போனால், பொருள் அந்த நாட்டிலேயே தங்கிவிட்டதாகக் கருதி வரி கேட்பார்கள். பெட்டியில் பலகைக் கட்டை இருந்தால் 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தியதற்கான முத்திரையும் வேண்டும். பூச்சி பரவாமல் இருக்க உலகளவில் உள்ள விதி இது. பிளைவுட்டுக்கு அது தேவையில்லை. பெட்டியின் ஃபிரேமுக்கு அடிக்கும் ரீப்பர் கட்டைக்குத் தேவை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பெட்டிக்குள் ஓடு படுக்கும் விதம் கவனிக்கத்தக்கது. குறைந்த சூட்டில் சுட்ட கருப்பு-சிவப்பு ஓட்டின் கீறல் விளிம்பு சட்டென்று உதிரும். பஞ்சு வைத்தால் இழை கீறலில் சிக்கி, எடுக்கும்போது மண்துகளையும் பெயர்த்துக்கொண்டு வரும். குமிழ் பிளாஸ்டிக் நேரடியாகப் படக் கூடாது. அமிலமில்லாத மெல்லிய தாள், அதன் மேல் ஓட்டின் வடிவத்துக்கே வெட்டிய பாலிஎத்திலீன் ஃபோம் படுக்கை, அதைச் சுற்றி உள்பெட்டி, அதற்கும் வெளிப்பெட்டிக்கும் இடையே குறைந்தது 5 செ.மீ. ஃபோம். எழுத்து உள்ள பக்கம் மேலே பார்த்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து மறுபடி அடுக்கப்போவது முன்பின் தெரியாத ஆள் என்பதால் ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுத்து மூடியின் உள்பக்கம் ஒட்டிவைக்க வேண்டும்.

மதுரை விமான நிலையத்துக்கு வரும் விமானங்களின் சரக்கு வாசல் தாழ்வானது. நிமிர்த்தி வைக்க வேண்டிய பெரிய பெட்டிகள் சாலை வழியாகச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அந்த சுமார் 460 கிலோமீட்டர்தான், வேகத்தடைகளோடு, பயணத்தின் முரட்டுப் பகுதி. அதிர்வு பதியும் கருவி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தால் எந்த இடத்தில் குலுங்கியது என்று பிறகு தெரியும். போய்ச் சேர்ந்ததும் 24 மணி நேரம் பெட்டியைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த பொருள் மீது அறைக்காற்றின் ஈரம் படிந்தால் ஓட்டுக்குள் இருக்கும் உப்பு கரைந்து மேலே வந்து பூக்கும், செப்புத் திருமேனியில் பச்சைப் பொடி கிளம்பும். அப்படிப் பாதிப்புள்ள செம்புக்கு 40 சதவீதத்துக்குக் கீழ் ஈரப்பதம் வேண்டும்.

துணிக்கும் தாளுக்கும் எதிரி வெளிச்சம். 50 லக்ஸ் வெளிச்சத்தில் நாளுக்கு 8 மணி நேரம், 90 நாள் வைத்தால் 36,000 லக்ஸ் மணி. 200 லக்ஸில் வைத்தால் 1,44,000. நான்கு கண்காட்சிகளின் சேதத்தை ஒரே கண்காட்சியில் செலவழித்துவிடுகிறோம், போன சாயம் திரும்ப வராது. மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் உள்ள, காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணியை எடுத்துக்கொண்டால், 1948-ஐச் சேர்ந்தது என்பதால் 100 ஆண்டுக் கணக்கில் அது இன்னும் தொல்பொருள் ஆகவில்லை. வயது வரம்பை மட்டும் நம்பினால் இப்படிப்பட்டவை கைநழுவும். எவ்வளவு நல்ல வசதி அறிக்கை வந்தாலும் இதுபோன்ற பொருளை இரவல் தர மாட்டோம் என்பதும் சரியான முடிவே.

எதிர்த்திசையிலும் பாதை உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தோடு சேர்ந்து நடத்திய ‘இந்தியாவும் உலகமும்’ கண்காட்சி 2017-18-இல் மும்பையிலும் டெல்லியிலும் நடந்தது. அப்படி ஒன்று மதுரைக்கு வர வேண்டுமானால் நம்மிடமும் வசதி அறிக்கை கேட்பார்கள். மின்தடையிலும் நிற்காத குளிர்சாதனம், ஓராண்டு ஈரப்பதப் பதிவு, பூட்டிய இறக்குமிடம், பயிற்சி பெற்ற ஒரு பாதுகாப்பாளர் ஆகியவையே அடிப்படை. மாநில அரசு ஒரே ஒரு கூடத்தை இந்தத் தரத்துக்குக் கொண்டுவந்தால் தென்மாவட்டங்கள் முழுவதற்கும் அது பயன்படும். புதிய கட்டடம் கட்டுவதைவிட இது அவசரமானது. ஈரப்பதம் பதியும் சிறு கருவியை இன்றே வாங்கி வைத்தால்கூட அடுத்த ஆண்டு காட்ட ஒரு பதிவு இருக்கும்.

ஆட்களின் பரிமாற்றத்துக்கு 1950-இல் மௌலானா ஆசாத் தொடங்கிய இந்தியக் கலாச்சார உறவுகள் கழகம் இருக்கிறது. நாதஸ்வரம், கரகாட்டம், தப்பாட்டக் குழுக்கள் அதன் கலைஞர் பட்டியலில் இடம்பெற விண்ணப்பிக்கலாம். கருவிகளில் கவனம் வேண்டும். பழைய கஞ்சிராவில் உடும்புத் தோல் இருக்கும். நாதஸ்வரச் சீவாளியோடு தொங்கும் ஊசி சில செட்டுகளில் தந்தத்தால் ஆனது. இரண்டும் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டும், விமான நிலையத்திலேயே பறிபோகும். ஆட்டுத்தோல் கஞ்சிராவும் தந்தமில்லாத ஊசியும் எடுத்துப்போவதே வழி.

பொருள் திரும்பியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துப் பெட்டியை ஓரங்கட்டும் பழக்கம் இருக்கிறது. இங்கேயும் 24 மணி நேரம் பொறுத்து, பொருளோடு கூட வந்த அவர்கள் தரப்பு ஆள் ஊருக்குத் திரும்புமுன் அவர் முன்னிலையிலேயே திறந்து, நான்காவது கையெழுத்தை வாங்க வேண்டும். சேதம் தெரிந்தால் எதையும் ஒட்டாமல், துடைக்காமல் படம் எடுத்து, ஒப்பந்தம் சொல்லும் கெடுவுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கார்னெட்டைத் திருப்பிக் கொடுத்து, தற்காலிக அனுமதி வழங்கிய அலுவலகத்துக்குப் பொருள் வந்து சேர்ந்ததை எழுதித் தெரிவித்தால்தான் கோப்பு மூடப்படும். மூடாத கோப்பு அடுத்த இரவல் விண்ணப்பத்தின்போது முதல் கேள்வியாக வந்து நிற்கும்.